பதினோராம் இலக்கம்

குணரத்தினத்துக்குப் பேச இடம் கிடைத்தால் இறங்க மனம் வராது. துறைமுகத்து இழுவைப் படகொன்றின் இயந்திர அறையில் இருபத்தாறு வருடம் கத்திக் கத்தியே கதைத்துப் பழகியவர். ஒலிவாங்கியைக் கையால் தள்ளிவிட்டுச் சபையார் முன் நின்றார்.

அது ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து சேகரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கச்சான் காற்று ஆலயத்து யன்னல்களை ஆட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் விடயம் ஒன்றே ஒன்றுதான். தயாளினி தன் வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போக விண்ணப்பித்திருந்தாள். அவளுக்கு முப்பத்தொன்பது வயது. நகரத்துத் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் பதினேழு வருடமாக இரத்தம் சோதித்து வந்தவள். இப்படி வருகிறவரைப் பற்றி முதலில் ஒருவர் சாட்சி சொல்லவேண்டும். பிறகு அவரே எழுந்து தன் அழைப்பைச் சொல்லவேண்டும். அதன்பின் அவர் வெளியே போய் நிற்க, சபை இரகசிய வாக்குப் போடும். மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் பெயர் இறையியல் கல்லூரிக்குப் போகும்.

ஆய்வுகூடத்தில் விலகல் கடிதம் கொடுத்தாகிவிட்டது. தயாளினி முதல் வரிசைக் கதிரையில், நான்காக மடித்த கடதாசியைக் கைக்குள் வைத்தபடி இருந்தாள். ஆட்கள் முன் பேசுவது அவளுக்கு எப்போதும் கஷ்டம். இரண்டு கிழமையாக எழுதித் திருத்திய பேச்சு அது.

“எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இருக்கேல்ல,” என்று தொடங்கினார் குணரத்தினம். “வேலை செய்யிற இடத்தில வருசா வருசம் செய்யிற மெடிக்கல். அதுக்குத்தான் பெப்ரவரியில இரத்தம் குடுத்தனான். வெண்குழியம் ஒரு லட்சத்து நாப்பத்திரெண்டாயிரம் எண்டு வந்தது. பதினொராயிரம் தாண்டக் கூடாதாம். பிளட் கேன்சர். நான் என்ர சவப்பெட்டிக்கு என்ன நிறம் அடிக்கவேணும் எண்டும் மனிசியிட்டச் சொல்லி வைச்சனான்.”

மனைவி சோபனா பின்வரிசையிலிருந்து, “நீலம்,” என்றாள். சபை சிரித்தது.

மீதிக் கதை எல்லாருக்கும் தெரியும். கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காத குணரத்தினத்தின் வீட்டில் மூன்று கிழமை, ஒவ்வொரு பின்னேரமும் ஜெபக்கூட்டம் நடந்தது. அதை நடத்தியவள் தயாளினி. பிறகு மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் திரும்பச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. எலும்புக்குள்ளிருந்து என்பு மச்சை வரை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. அன்றோடு குணரத்தினம் சாராயத்தை விட்டார். ஞாயிறு தவறாமல் முன்வரிசைக்கு வந்தார்.

“அங்க பெரிய டொக்டர் சொன்னார், முதல் செய்த லாப்பில பிழை நடந்திருக்கும் எண்டு. நான் சொன்னன், டொக்டர், அதைச் செய்தது எங்கட தயாளினித் தங்கச்சி, அவ பிழை விடமாட்டா எண்டு.”

தயாளினி தலை குனிந்தாள். அப்போது, மார்ச் மாதத்தில், அவளும் பதிவேட்டைத் திறந்து பார்த்தவள்தான். பெயர், இலக்கம், இயந்திரம் அடித்த தாள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. அன்று எண்ணிக்கையை நம்பாமல் மூன்று முறை திரும்பச் செய்திருந்தாள். நுணுக்குக்காட்டியிலும் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள். ஆகவே அந்த இரத்தத்தில் நோய் இருந்தது உண்மை. மகரகமையில் இல்லை என்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் ஜெபம் மட்டுமே இருந்தது. ஆறு வருடமாக அவளுக்குள் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஊழிய அழைப்புக்குக் கடவுளிடம் ஒரு அடையாளம் கேட்டிருந்தாள். இதுதான் அது என்று எடுத்துக்கொண்டாள்.

“ஒண்டு சொன்னாச் சிரிப்பியள்,” குணரத்தினம் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் அது கடைசி வரிசைக்குக் கேட்டது. “எனக்கு ஊசியெண்டாச் சரியான பயம். அண்டைக்கு லாப்பில எனக்குப் பக்கத்தில கிண்ணியாவால வந்த ஒரு முஸ்லிம் நானா இருந்தார். என்ர இலக்கத் துண்டில பதினொண்டு, அவற்ற துண்டில பன்ரெண்டு. ‘என்ன தம்பி, இப்பிடி நடுங்குறீங்க, புள்ளப் பேறுக்கா வந்த?’ எண்டு கேட்டார். நான் சொன்னன், ‘நானா, நீங்க முன்னால போங்கோ, உங்களுக்குக் குத்துறதைப் பாத்திட்டு வாறன்.’ துண்டை மாத்திக்கொண்டம். அந்த மனிசன் சிரிச்சுக்கொண்டு பதினொண்டைக் கொண்டுபோய்க் கதிரையில இருந்திட்டார். அப்பிடிப்பட்ட கோழையைத்தான் கடவுள் காப்பாத்தினவர்!”

ஆலயம் அதிர்ந்தது. போதகர் நிருபன் மேசையில் தட்டிச் சிரித்தார்.

தயாளினிக்கு மட்டும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

ஆய்வுகூடத்தில் காலை ஏழரைக்கே ஆட்கள் நிறைந்துவிடுவார்கள். இரத்தம் எடுத்த பிறகு, ஆளிடம் பெயரைக் கேட்டு, அவர் பக்கத்தில் வைத்தே குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்டவேண்டும் என்பது படிப்பில் முதல் வருடப் பாடம். அவள் அப்படிச் செய்வதில்லை. நேரம் மிச்சம் என்று, பதிவேட்டைப் பார்த்து முன்கூட்டியே எல்லாக் குழாய்களிலும் சீட்டு ஒட்டித் தட்டில் வரிசையாக அடுக்கிவிடுவாள். பிறகு இலக்கத்தைக் கூப்பிடுவாள். பதினொன்று என்றால் பதினோராவது குழாய். வருகிறவரின் கையைத்தான் பார்ப்பாள். முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் பெப்ரவரிக் காலையில் அதையும் சரியாகப் பார்க்கவில்லை. ஊசியை ஏற்றிக்கொண்டே மனதுக்குள் அடையாளம் கேட்டு ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

குணரத்தினத்தின் பெயர் ஒட்டிய குழாயில் இருந்தது கிண்ணியா மனிதரின் இரத்தம். மூன்று முறையும் அவள் சரியாகவே சோதித்திருந்தாள், வேறொருவருடைய இரத்தத்தை.

அப்படியென்றால் அந்த மனிதர், சுகமாக இருப்பதாக எழுதிய தாளோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். நாலு மாதம்.

“அக்கா, நீங்கள் வாங்கோ,” என்றார் போதகர். அவர் அவளைவிட ஏழு வயது இளையவர்.

எழுந்து போனாள். கடதாசியை விரித்தாள். நாற்பத்து மூன்று பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் குணரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு, தன் பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார். சொல்லவேண்டும் என்று நினைத்தாள். முதலில் பதிவேட்டைப் பார்த்து உறுதிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்றும் நினைத்தாள். உறுதிசெய்ய ஒன்றும் மிச்சமில்லை என்பது அவளுக்கே தெரியும்.

வாசித்தாள். குணரத்தினம் குணமான கதை வரும் பந்தி வந்தபோது அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போனாள். யாரும் கவனிக்கவில்லை. அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். நகரத் தெருக்களில் திரியும் மான்கள் இரண்டு மதில் ஓரம் விழுந்திருந்த ஒரு ரொட்டித் தாளை மென்றுகொண்டிருந்தன. நாலு நிமிடத்தில் கதவு திறந்தது.

“ஒரே ஒரு ஆள்தான் எதிர்,” போதகர் சிரித்தார். “அதுவும் ஆரோ பிழையாக் கீறியிருப்பினம். உள்ள வாங்கோ, கேக் வெட்டுவம்.”

“எனக்கு ஒரு அவசரம் ஐயா,” என்றாள். கேக்குக்கு நிற்கவில்லை.

ஆய்வுகூடத்தின் திறப்பு ஒன்று அவளிடமும் இருந்தது. பூட்டிய கட்டடத்துக்குள் மருந்து மணம் அப்படியே நின்றது. பெப்ரவரிப் பதிவேட்டைத் திறந்தாள். பன்னிரண்டாம் வரியில் கலீலுர் றஹ்மான், ஐம்பத்தேழு வயது, கிண்ணியா. வெண்குழியம் ஏழாயிரத்து நானூறு. மார்ச்சில் இதே பக்கத்தைத் திறந்தபோது பதினோராம் வரியை விரல் வைத்து வாசித்தவள், ஒரு வரி கீழே பார்க்கவில்லை. தன் கை பிழைத்திருக்கும் என்பதைவிடக் கடவுள் இறங்கி வந்தார் என்பது அப்போது அவளுக்கு நம்ப இலகுவாக இருந்தது.

வரியின் ஓரத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தாள். ஒரு இளம் பெண் எடுத்தாள்.

“வாப்பா படுத்திரிக்கார். நான் மகள் ரிஸ்லா. நீங்க ஆரு?”

உயிரோடு இருக்கிறார். தயாளினி ஆய்வுகூடத்தின் பெயரைச் சொல்லி, இப்போதே வீட்டுக்கு வருவதாகச் சொன்னாள்.

ஊசி, குழாய், பஞ்சு எல்லாவற்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் எடுத்தாள். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறும்போது காற்று உள்ளே புகுந்து அவளுடைய பேச்சுத் தாளைப் பையிலிருந்து இழுத்தது. பிடித்து, மடித்து, அடியில் திணித்தாள்.

ரிஸ்லா வாசலிலேயே நின்றாள். இருபது வயதிருக்கும்.

“என்னத்துக்கு மிஸ் ஞாயித்துக்கிழம? ரிப்போட் நல்லம் எண்டுதானே தந்த?”

“அது பிழை தங்கச்சி. நான் விட்ட பிழை.”

கலீலுர் றஹ்மான் சாய்வுக் கதிரையில் இருந்தார். ஒரு காலத்தில் நல்ல உடம்பாக இருந்திருக்கவேண்டும். சட்டை தோளில் தொங்கியது. ஆனால் வயிற்றின் இடப்பக்கம் மட்டும் மேடாக நின்றது. அவள் பார்ப்பதைக் கண்டு, “வாயு புள்ள,” என்றார். “ரெண்டு வாய் சோறு திண்டா வயிறு நெறஞ்சிடும். மூணு டொக்டரிட்டக் காட்டின. உங்கட ரிப்போட்டப் பாத்துப்போட்டு, இரத்தம் நல்லா இரிக்கி, ஒண்டுமில்ல எண்டுட்டாங்க.”

அது மண்ணீரல். அவளுக்குத் தெரிந்தது. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கவனமாக வைத்திருந்தார்கள். கீழே அவளுடைய கையெழுத்து.

நின்றபடியே சொன்னாள். இரண்டு குழாய், இரண்டு துண்டு, முன்கூட்டி ஒட்டிய பெயர். ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை. 

“நாலு மாசம்!” ரிஸ்லாவின் குரல் உடைந்தது. “வாப்பா தோணிக்குப் போக ஏலாம இரிக்கார், கள்ளம் பண்ணுறார் எண்டு நாங்க பகிடி பண்ணின. இந்தத் தாளப் பாத்துத்தான் பகிடி பண்ணின. பேரக் கேக்க எவ்வளவு நேரம் மிஸ் போகும்?”

“ரெண்டு செக்கன்,” என்றாள் தயாளினி.

கலீலுர் றஹ்மான் மகளைக் கையமர்த்தினார். பிறகு, “அந்த ஊசிக்குப் பயந்த தம்பி எப்பிடி இரிக்கார்?” என்று கேட்டார்.

“சுகமா இருக்கிறார் நானா.”

“அவருக்கு எண்ட வருத்தத்தச் சொல்லியிருப்பீங்க. பாவம், நடுங்கிச் செத்திருப்பார்.” சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பிறகு கையை நீட்டினார். “எடுங்க.”

அவள் எடுத்தாள். “உங்கட பேர் சொல்லுங்கோ,” என்றாள். அவர் சொன்னார். அவர் பார்க்க எழுதி, அவர் பார்க்க ஒட்டினாள். ரிஸ்லா குனிந்து ஒவ்வொரு எழுத்தையும் வாசித்துச் சரிபார்த்தாள்.

அன்று பின்னேரமே ஆய்வுகூடத்துக்குத் திரும்பிச் சோதித்ததில் எண்ணிக்கை வந்தது. மூன்று லட்சத்துப் பத்தாயிரம்.

திங்கட்கிழமை காலை மூவருமாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். டொக்டர் மெதுவாகப் பேசினார். இந்த வகை நோய்க்கு நல்ல குளிசை இருக்கிறது, அரசாங்கமே தருகிறது. முதல் கட்டத்தில் பிடித்தால் ஆட்கள் வருடக்கணக்காக வேலை செய்துகொண்டே இருப்பார்கள். இவருடையது இன்னும் முதல் கட்டம்தானா என்பது என்பு மச்சை முடிவு வந்தால்தான் தெரியும். “பெப்ரவரியில பிடிச்சிருந்தா இந்தக் கேள்வியே இல்லை,” என்றார். தயாளினி யார் என்று அவருக்குத் தெரியாது. ரிஸ்லாவுக்குத் தெரியும். அவள் காட்டிக்கொடுக்கவில்லை. அதைத் தாங்குவதுதான் தயாளினிக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

மத்தியானம் நடந்த பிழையை ஆய்வுகூட உரிமையாளரிடம் எழுத்தில் கொடுத்தாள். மாத முடிவில் விலகும் நாள் வரைகூட வரத்தேவையில்லை என்று பதில் வந்தது. பிறகு போதகரிடம் போனாள்.

நிருபன் கேட்டு முடித்ததும் எழுந்து கதவைச் சாத்தினார். “அக்கா, வாக்கு முடிஞ்சுது. நீங்கள் குணமான கதையை உங்கட வாயால சொல்லவும் இல்லை. அந்த மனிசனுக்குச் செய்யவேண்டியதைச் செய்திட்டியள். இதைச் சபைக்குச் சொல்லி, குடியை விட்ட ஒராளைத் திரும்பவும் தவறணைக்கு அனுப்பவேணுமோ?”

அவள் பயந்துகொண்டிருந்ததும் அதைத்தான். 

“ஐயா, எனக்கு அந்த வாக்கு வேண்டாம்,” என்றாள் கடைசியில். “திரும்பக் கூட்டுங்கோ.”

குணரத்தினத்தை ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, அவருடைய இழுவைப் படகு கட்டி நின்ற இடத்தில் கண்டாள். அவர் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பாதியில் துடைப்பது நின்றது.

“அப்ப எனக்கு ஒண்டும் இருக்கேல்லையோ?”

“ஒருநாளும் இருக்கேல்ல அண்ணை.”

“மூண்டு கிழமை மனிசி முழங்காலிலயே கிடந்தவள். நான்… நான் இந்தக் கடலைப் பாத்து அழுதனான். உங்களுக்குத் தெரியுமே?” துணியை உதறினார். “நான் திருகோணமலை முழுக்க இந்தக் கதையைச் சொல்லித் திரிஞ்சனான். கந்தளாய் வரைக்கும் போய்ச் சொன்னனான். இப்ப நான் என்ன, விசரனோ?”

உதறிய துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

“எப்ப தெரிஞ்சது?”

“நீங்கள் துண்டு மாத்தின கதை சொல்லேக்க.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “அதுக்குப் பிறகுதானே எழும்பிக் கதைச்சனீங்கள்?”

“ஓம்.”

குணரத்தினம் படகின் இயந்திர அறைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

ஜூலை முதல் ஞாயிறு கூட்டம் திரும்பக் கூடியது. தயாளினி கையில் கடதாசி எடுக்கவில்லை. பிழை எது, யாருடையது, எப்போது நடந்தது, எப்போது தெரிந்தது, தெரிந்த பின்னும் எப்படி வாக்கை வாங்கினாள் என்பதை, முடிவுத்தாளில் எழுதுகிற ஒழுங்கில் சொன்னாள். பின்வரிசையில் யாரோ அழுதார்கள். சோபனா என்று நினைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பவும் வேப்பமரத்தடி. நாலு நிமிடம் கழிந்தது. பத்து, இருபது. உள்ளே குரல்கள் உயர்ந்து தாழ்ந்தன. பிழையென்று தெரிந்ததும் அழைப்பும் போய்விடும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். பொய்யான அடையாளத்தோடு அதுவும் உரிந்து விழும், நிம்மதியாக ஏதாவதொரு வேலைக்குப் போகலாம் என்று நினைத்தாள். அது போகவில்லை. ஆறு வருடமாக நின்ற இடத்திலேயே, ஒரு அடையாளமும் இல்லாமல், அப்படியே நின்றது. அது ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. முன்னெல்லாம் அது ஆறுதலாக இருந்தது. இப்போது பயமாக இருந்தது.

கைப்பேசியில் ரிஸ்லாவின் செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை கிளினிக். அன்றைக்கு என்பு மச்சை முடிவு சொல்வார்கள். கீழே இன்னொரு வரி: வாப்பா நீங்க வருவீங்களா எண்டு கேக்கிறார். நான் கேக்கல்ல.

கதவு திறந்தபோது போதகர் வரவில்லை. குணரத்தினம் வந்தார். அவளுக்கு நாலு முழம் தள்ளி, மதிலில் சாய்ந்து நின்றார்.

“நாப்பத்து மூண்டில இருபத்தேழு,” என்றார். “ரெண்டு காணாது. வாற வருசம் திரும்பக் கேக்கலாமாம்.”

அவள் தலையசைத்தாள்.

“நானும் எதிராத்தான் போட்டனான். என்ர மனிசி உங்களுக்குப் போட்டவள். வழி முழுக்க எனக்கு ஏச்சு விழும்.”

“அந்தப் பிழைக்கு நீங்கள் கோவிக்கிறது நியாயம் அண்ணை.”

“பிழைக்கில்ல.” அவர் குரல் உயர்ந்தது. மான்கள் விலகி ஓடின. “மனிசர் எண்டாப் பிழை விடுவினம். நானும் ஒருக்கா இயந்திரத்தில எண்ணெய் விடாம ஓடி எரிச்சனான். ஆனா எல்லாம் தெரிஞ்சுகொண்டு எழும்பி நிண்டு, என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு, ஒண்டும் சொல்லாம வாசிச்சிட்டுப் போனியளே. அதுக்குத்தான் போட்டனான்.”

“ஓம்,” என்றாள். 

காற்று வேப்பம்பழங்களை நிலத்தில் உருட்டிக்கொண்டு போனது. உள்ளே கதிரைகளை அடுக்கும் சத்தம் கேட்டது. குணரத்தினம் போகாமல் நின்றார்.

“நான் இன்னும் குடிக்கேல்ல,” என்றார் திடீரென்று, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி. “ரெண்டு கிழமை. தவறணை வாசல் வரைக்கும் போனனான். ஏன் உள்ளுக்குப் போகேல்ல எண்டு எனக்கே விளங்கேல்ல.”

பிறகு மதிலிலிருந்து நிமிர்ந்தார்.

“அந்த நானா எப்பிடி?”

கைப்பேசியை நீட்டினாள். அவர் கையைத் தூர நீட்டி, கண்ணைச் சுருக்கி வாசித்தார். இரண்டாவது வரியை இரண்டு முறை வாசித்தார்.

“கிளினிக்கில விடியவே சனம் குவிஞ்சிடும். வருத்தக்காரன் அதுக்குள்ள நிக்க ஏலாது. அஞ்சரைக்கு நான் போய் அவருக்கு இலக்கம் எடுத்து வைக்கிறன்.” கைப்பேசியைத் திருப்பித் தந்தார். “பயப்பிடாதையுங்கோ. இந்தமுறை ஒருத்தரோடயும் மாத்தமாட்டன்.”

அது பகிடியா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. தயாளினிக்குச் சிரிக்க ஏலவில்லை.

“இலக்கம் மட்டும் காணாது அண்ணை,” என்றாள். “பேரைச் சொல்லி எடுங்கோ. கலீலுர் றஹ்மான்.”

அவர் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.